அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்களா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே கவலை வேறு வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு மனசு சரியில்லை, யாரிடம் போவது என்று தெரியவில்லை, போனால் என்ன ஆகுமோ என்று பயம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருந்தான், வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டான். சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி தூக்கமில்லை, பகலெல்லாம் காம்பராவில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். போன வாரம் "நான் ஒருத்தன் இல்லாட்டி உங்களுக்குச் செலவாவது மிச்சம்" என்றான். அம்மா கோடாங்கியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள், பொலிஸ் கேஸாகும் என்று தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, இதழ் வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இதன் சுருக்கத்தை உங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது உங்களைப் போலவே இன்னொரு லயத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும்தான்.

தம்பி சொன்ன அந்த வார்த்தையைச் சும்மா சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். "நீ அன்னைக்கு அப்படிச் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லடா, செத்துப்போகலாம்னு நினைக்கிறியா?" என்று கேட்டால் போதும். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்றுதான் இது பற்றி நடந்த ஆய்வுகள் சொல்கின்றன, பெரும்பாலும் கேட்கப்பட்டவருக்கு ஒரு பாரம் இறங்குகிறது. அவன் "ஆமா" என்றால் கத்தவோ அழவோ சத்தியம் வாங்கவோ வேண்டாம், "அப்பா அம்மாவ நெனச்சுப் பாத்தியா" என்று குற்ற உணர்ச்சியை ஏற்றவும் வேண்டாம். எப்போதிலிருந்து இப்படி நினைக்கிறான், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா, அதற்கு ஏதாவது எடுத்து வைத்திருக்கிறானா என்று மெதுவாகக் கேட்டு, அவன் பேசுவதைப் பேச விடுங்கள். யோசித்து வைத்திருக்கிறான் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதுவரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது.

அடுத்தது வீடு. நம் பக்கத்தில் மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து, புல்லுக்கு அடிக்கும் மருந்து எல்லாம் கட்டிலுக்கு அடியிலும் அடுப்படி மூலையிலும் கிடக்கும். அதை இன்றைக்கே வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய், நம்பிக்கையான ஒருவரிடம் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அம்மாவின் பிரஷர், சீனி மாத்திரைகளையும் நீங்களே வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை எடுத்துக் கொடுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் 1995 வாக்கில் தற்கொலையில் உலகத்திலேயே முன்வரிசையில் இருந்த நாடு இது. அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியதற்கு முக்கியமான காரணமாக ஆய்வாளர்கள் சொல்வது, கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்ததைத்தான். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பிவிடுகிறது. நாட்டுக்குச் சரியாக இருந்தது நம் காம்பராவுக்கும் சரியாகத்தான் இருக்கும்.

ராத்திரியில் நிலைமை மோசமானால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள், தமிழில் பேசலாம். தம்பிதான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களே எடுத்து "என் தம்பி இப்படிச் சொல்கிறான், இப்போது நான் என்ன செய்ய?" என்று கேட்கலாம். யாரிடமாவது கொட்டித் தீர்த்தால் போதும் என்று அவன் நினைத்தால் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, 0112 696 666, பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை. 1333 என்ற இலக்கத்திலும் மூன்று மொழியிலும் ஆலோசனை கிடைக்கும். இந்த இலக்கங்களைப் போனில் மட்டும் போட்டு வைக்காமல் கலண்டரிலும் எழுதி வையுங்கள், மழைக்காலத்தில் கரண்ட் போய் போன் செத்துக் கிடக்கும்போது பக்கத்து வீட்டுப் போனிலாவது எடுக்கலாம்.

ஒருவேளை யாராவது ஏதாவது குடித்தே விட்டார்கள் என்றால் 1990 அம்புலன்ஸ், அது இலவசம். ரோடு கெட்ட தோட்டம் என்றால் வண்டி மேலே வரும்வரை நிற்காமல், போனில் சொல்லிக்கொண்டே கிடைத்த ஓட்டோவில் மெயின் ரோட்டுக்கு இறக்குங்கள். வாந்தி எடுக்க வைக்கிறோம் என்று உப்புத் தண்ணீரோ சவுக்காரத் தண்ணீரோ கொடுக்கவே கூடாது. குடித்த போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள், டாக்டருக்கு அது உதவும்.

சரி, பொலிஸ் கேஸ். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் இந்த நாட்டில் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. பிழைத்து வந்தவர் மேல் வழக்குப் போட முடியாது. இத்தனை வருஷம் கழித்தும் இந்தப் பயத்தால் ஆட்களை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்குகிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அங்கொடைக் கதையும் அப்படித்தான். ஒரு காலத்தில் மனநோய் என்றால் அங்கொடை ஒன்றுதான். 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கைக்குப் பிறகு அந்தந்த மாவட்டத்திலேயே வைத்தியம் பார்ப்பது என்ற வழிக்கு வந்துவிட்டார்கள். உங்களுக்குக் கிட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, அதற்கு மேல் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை. கண்டிப் பக்கத்தவர்களுக்கு கண்டி, பேராதனை, நாவலப்பிட்டி, ஊவாப் பக்கத்தில் பதுளை, தியத்தலாவை. முதலில் போன் பண்ணி "மனநல கிளினிக் என்ன நாள், எத்தனை மணிக்கு நம்பர் கொடுப்பீங்க" என்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் சம்பளம் வீணாகாது. அவசரம் என்றால் கிளினிக் நாளைப் பார்க்கவே வேண்டாம், எந்த நேரமும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் "சாகப் போறேன்னு சொல்றான்" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். "மேலுக்கு முடியல" என்று சுற்றி வளைத்தால் பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மாத்திரையும் அடுத்த திகதி போட்ட கொப்பியும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்தான்.

அம்மா கட்டிய கயிறு இருக்கட்டும், அதை அறுக்கச் சொல்லி வீட்டில் சண்டை வேண்டாம். அம்மாவுக்கு அது பலம். கோடாங்கி "ஆஸ்பத்திரி மருந்து ஆகாது" என்று சொன்னால் மட்டும் அந்த ஒரு சொல்லைக் கேட்காதீர்கள்.

கேள்வி: எனக்கு மனஅழுத்தம் என்று கிளினிக்கில் மாத்திரை தந்தார்கள். பத்து நாள் போட்டும் ஒன்றும் இல்லை, வயிற்றைப் பிரட்டுவதுதான் மிச்சம். பழகிவிட்டால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: நிறுத்தாதீர்கள் அண்ணன். இந்த மாத்திரைகள் வேலையைத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும், சிலருக்கு இன்னும் கூட. வயிற்றுப் பிரட்டல் முதலில்தான் வரும், சாப்பிட்டபின் போட்டால் குறையும், கொஞ்ச நாளில் அநேகமாக அதுவாகவே போய்விடும். மனஅழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரை சாராயம் மாதிரி இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்று இழுக்காது. ஆனால் திடீரென்று விட்டால் தலைசுற்றும், படபடப்பு வரும், அதனால் விடும்போது டாக்டர் சொல்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். முதல் வாரங்களில் பதற்றம் கூடினாலோ சாகலாம் என்ற நினைப்பு வந்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள். மாத்திரை போடும் காலத்தில் குடி வேண்டாம். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் என்றால் அதையும் சட்டென்று தனியாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள், சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம்.

கேள்வி: கிளினிக்கில் டாக்டர் சிங்களத்தில் கேட்டார். எனக்குப் பாதிதான் விளங்கியது. கூட வந்த என் பத்து வயது மகளே எனக்காகச் சொன்னாள். பிள்ளைக்கு முன்னால் எதையும் சொல்ல முடியவில்லை. வீட்டில் அடி உதையும் உண்டு.
– பெயர் வேண்டாம், இராகலை

பதில்: அக்கா, அடுத்த முறை பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம். தாயின் நோவையும் தகப்பனின் அடியையும் அந்தப் பிள்ளை தன் வாயால் இன்னொரு மொழியில் சொல்ல நேர்வது அவளுக்கே ஒரு காயம். போவதற்கு முதல்நாள் ஒரு துண்டில் தமிழிலேயே எழுதுங்கள்: எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, என்ன நினைப்பு வருகிறது, என்ன மருந்து போடுகிறீர்கள். தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ அநேகமான மலையக ஆஸ்பத்திரிகளில் இருப்பார்கள், நம்பர் எடுக்கும்போதே "தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்" என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி.

உங்கள் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவை மறந்துவிடாதீர்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் மட்டும்தான் அவர் என்று நினைக்கிறோம். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசக்கூடிய ஒரே அரசாங்க ஆள் பெரும்பாலும் அவர்தான், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அவர் வழியாகப் போகலாம், கிளினிக்குக்குத் துண்டும் வாங்கலாம். பிள்ளை பெற்ற சில வாரங்களில் காரணமில்லாமல் அழுகிற, குழந்தையைத் தூக்கவே பிடிக்காத தாய்மாரும் அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அடி உதைக்குப் பெண்களுக்கான 1938 இருக்கிறது, பிள்ளை மேல் கை வைத்தால் 1929, உயிருக்கு ஆபத்து என்ற நேரத்தில் பொலிஸுக்கு 119. அடிக்கிற வீட்டில் இருந்துகொண்டு தூக்கம் வரவில்லை என்று மாத்திரை மட்டும் போட்டால் நோவு எப்படிக் குறையும்? டாக்டரிடம் அடியைப் பற்றியும் சொல்லுங்கள்.

கேள்வி: போன மழையில் எங்கள் லயத்துக்கு மேலே மண் சரிந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மூன்று நாள் பாடசாலையில் தங்கினோம். திரும்பி வந்ததிலிருந்து ஒன்பது வயது மகன் மழை பெய்தாலே என்னைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். படுக்கையில் சிறுநீர் போகிறது. அவன் அப்பா ஏசுகிறார்.
– வாசகி, ஹப்புத்தளை

பதில்: அவன் அப்பாவிடம் முதலில் இதைக் காட்டுங்கள்: இது பழக்கக்கேடு இல்லை, பயம். ஏசினால் கூடும். 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தயில் மண் சரிந்தபோது என்ன நடந்தது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது மாதிரி ஒரு மலைக்குக் கீழேதான் அவனும் தூங்குகிறான், அவனுடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் "ஒண்ணும் ஆகாது, பேசாம படு" என்று சொல்வதைவிட, ஏதாவது ஆனால் என்ன செய்வோம் என்று அவனிடம் சொல்வது நல்லது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், டோர்ச், ஒரு செட் உடுப்பு எல்லாம் போட்ட பையை அவனையே கட்டச் சொல்லுங்கள். எந்த வழியாக இறங்குவது என்று பகலில் வெயில் இருக்கும்போது கையைப் பிடித்து நடந்து காட்டுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் யார் சொல்வார்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு யார் போன் பண்ணுவது என்று அவனுக்கும் தெரியட்டும்.

பாடசாலைக்கு ஒழுங்காக அனுப்புங்கள், வகுப்பு டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், ஆலோசனைக்கென்று ஆசிரியர் இருக்கும் பாடசாலை என்றால் அவரிடமும். டிவியிலும் போனிலும் மண்சரிவு வீடியோ ஓட வேண்டாம். ராத்திரி உங்கள் பக்கத்தில் படுக்கட்டும், கொஞ்ச நாளைக்கு அது தப்பே இல்லை. படுக்கை நனைந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடுங்கள். இப்படி அநேகமான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, பாடசாலைக்குப் போக மறுக்கிறான், சாப்பாடு விட்டுப்போனது, விளையாடவே போவதில்லை என்றால் தியத்தலாவையிலோ பதுளையிலோ காட்டுங்கள்.

நீங்கள் தூங்குகிறீர்களா என்று எழுதவில்லை. மழைச் சத்தம் கேட்டால் நீங்களும் எழும்பி உட்கார்ந்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். மகனைக் கூட்டிப்போகும் அன்றைக்கே உங்களுக்கும் ஒரு நம்பர் எடுங்கள்.