கழற்றியதைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: ஆயில் மாற்றத்தான் காரை விட்டேன். இப்போது போன் செய்து பிரேக் பேட், இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ் எல்லாம் உடனே செய்தாக வேண்டும் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: முதலில், போனிலேயே சரி என்று சொல்லிவிடாதீர்கள். நேரில் வருகிறேன், அதுவரை எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய் நில்லுங்கள். பிரேக் பேட் கண்ணுக்குத் தெரிகிற சாமான். புதிதில் அதன் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. தடிமன் இருக்கும், தேய்ந்து 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான், அதைத் தள்ளிப்போட்டால் பேட் அழுத்திப் பிடிக்கும் டிஸ்க்கும் சேர்ந்து போகும். ஆனால் 6 மி.மீ. இருக்கும்போதே மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அளக்கும்போது பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்க்கக் கூடாது.

இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் சாமான், அதன் கிளீனிங்குக்கு ஒரு காரணம் வேண்டும். பிக்கப் குறையவில்லை, மைலேஜ் இறங்கவில்லை, ஐடிலிங்கில் வண்டி உதறவில்லை என்றால் எதற்கு அது? இன்ஜின் ஃப்ளஷ், அதாவது இன்ஜினின் உள்பக்கத்தை மருந்து ஊற்றிக் கழுவுவது, உங்கள் ஓனர் மேனுவலில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் விடுங்கள். அதற்காக எல்லாவற்றையும் சந்தேகப்படவும் வேண்டாம். பிரேக் ஆயில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பல கம்பெனிகள் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்து, இக்னிஷன் காயிலை மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார். ஸ்கேனர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

பதில்: ஸ்கேனர் அப்படிச் சொல்லியிருக்காது, அது ஒரு குறியீட்டு எண்ணை மட்டும்தான் கொடுக்கும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள், அவ்வளவுதான். காரணம் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலாக இருக்கலாம், ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும் வண்டியில் இதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதின் காயிலை இங்கே மாட்டி, பழைய குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி அந்தக் காயில், அந்த ஒன்றை மாற்றினால் போதும். மறுபடியும் பி0301 என்றே வந்தால் காயில் மேல் தப்பில்லை, வேறு எங்கோ தேட வேண்டும். இதைச் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள், அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். ஆனால் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுவிடும்.

கேள்வி: நம்பிக்கையான மெக்கானிக்கை எப்படித்தான் பிடிப்பது?

பதில்: வண்டி நடுவழியில் நின்ற பிறகு தேடாதீர்கள், அப்போது கிடைக்கிறவர்தான் மெக்கானிக். நன்றாக ஓடும்போதே ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். சத்தம் வருகிறது என்றால் உங்களோடு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறாரா, வேலைக்கு முன்னால் எஸ்டிமேட் எழுதித் தருகிறாரா, பில்லில் சாமானுக்கும் கூலிக்கும் தனித்தனியாகக் கணக்கு இருக்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் மாடல் காரையே பல வருடமாக வைத்திருப்பவர்கள் எங்கே விடுகிறார்கள் என்று விசாரிப்பதும் நல்லது.

என் காருக்கு அடியில் ஒருமுறை தண்ணீர் சொட்டியது. ஓர் இடத்தில் பார்த்த உடனே வாட்டர் பம்ப் போய்விட்டது என்றார்கள். இன்னொருவரிடம் கொண்டுபோனேன், அவர் குனிந்து விரலில் ஒரு சொட்டைத் தொட்டு மோந்து பார்த்தார். கூலன்ட் என்றால் நிறம் இருக்கும், கொஞ்சம் வழவழப்பாக, இனிப்பு வாசனையோடு இருக்கும், இது வெறும் தண்ணீர், ஏசி ஓடினால் சொட்டத்தான் செய்யும், போங்கள் என்று அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து என் வண்டி அவரிடம்தான்.

கேள்வி: கழற்றிய பழைய சாமானைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

பதில்: வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள், வேலை முடிந்த பிறகு கேட்டால்தான் சங்கடம். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மாதிரி, பழையதைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் வாங்குகிற சாமானை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, ஆனால் கண்ணால் பார்க்கலாம்.