இஷ்டத்துக்குக் காசு, பக்கத்தில் பரிசுச் சக்கரம்: கேள்வி பதில்

(பாளையங்கோட்டையில் சந்தையியல் பாடம் நடத்தும் அண்ணாச்சி பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணாச்சி, அம்பையில் சுக்குக்காப்பி வண்டி போட்டிருக்கிறேன். சனிக்கிழமை மட்டும் விலை கிடையாது, டப்பாவில் இஷ்டப்பட்டதைப் போடலாம். 20 ரூபாய் போட்டால் பரிசுச் சக்கரத்தில் ஒரு சுற்று என்று வைத்தால் வசூல் கூடுமா?

பதில்: கூடும். ஆனால் 20-இல் போய் முட்டி நிற்கும். 10 போட நினைத்தவர் 20 போடுவார், சரி. 50 ரூபாயைக் கையில் எடுத்தவரும் 20-ஐப் போட்டுவிட்டு மீதியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வாரே! எல்லை குறித்த நிமிஷமே அது விலைப்பலகை ஆகிவிடுகிறது. 'பய நல்லா இருக்கட்டும்' என்று கொடுத்த கை, கணக்குப் பார்க்க ஆரம்பிக்கும். சக்கரம் வைத்தே தீருவீர்கள் என்றால், ஒரு ரூபாய் போட்டவருக்கும் சுற்றக் கொடுங்கள். பரிசுக்குக் கடலைமிட்டாய் போதும்.

கேள்வி: 'ஹம்பிள் பண்டில்' எல்லை வைத்துத்தானே ஜெயித்தது?

பதில்: 2010-இல் இஷ்டவிலைக்குத் தொடங்கிய கம்ப்யூட்டர் கேம் விற்பனை அது. அங்கே எல்லை ஓரிடத்தில் நிற்கவில்லை. மற்றவர்கள் கொடுத்த சராசரியைத் தாண்டினால் கூடுதல் கேம் கொடுத்தார்கள். சராசரியோ நகர்ந்துகொண்டே இருந்தது. தர்மத்துக்கும் ஒரு பங்கு போகும். அப்புறம், கேமுக்கு நகல் எடுக்கச் செலவே இல்லை. உங்கள் கருப்பட்டி அப்படியா?

கேள்வி: பரிசுக்குப் பதிலாகப் பாதிப் பணம் பள்ளிக்கூடத்துக்கு என்று எழுதிப் போட்டால்?

பதில்: என் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்காவில் ஒரு கேளிக்கைப் பூங்காவில், ராட்டினத்தில் போனவர்களின் போட்டோவை இப்படி விற்றுப் பார்த்தார்கள். 2010-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வெறும் இஷ்டவிலைக்கு 100-இல் 8 பேர் வாங்கினார்கள், ஆளுக்குச் சராசரி ஒரு டாலர்கூட வரவில்லை. பாதி தர்மத்துக்கு என்றதும் வாங்கியவர்கள் 4, 5 பேராகக் குறைந்தார்கள். சராசரி 5 டாலரைத் தாண்டியது. அற்பமாகக் கொடுக்கக் கூச்சப்பட்டவர்கள் வாங்காமலே போய்விட்டார்கள்.

கேள்வி: அதிகம் கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதலாமா?

பதில்: நம்ம ஊர்க் கோயில் கொடையில் பார்த்ததுதானே. வில்லுப்பாட்டு நடுவே மைக்கில் '501 அன்பளிப்பு' என்று ஒரு பெயர் கேட்டால், அடுத்த தெருக்காரர் 1001 எடுப்பார். 50 ரூபாயோடு வந்தவர் மேடைப் பக்கமே போகமாட்டார். காப்பி வண்டிக்கு வேண்டியது அந்த 50 ரூபாய்க்காரர்.

கேள்வி: கியூஆர் அட்டை வைத்தால் யாருக்கும் தெரியாதே?

பதில்: சவுண்ட் பாக்ஸை மறந்துவிட்டீர்களே! 'ஐந்து ரூபாய் பெறப்பட்டது' என்று தெருவுக்கே கேட்கும். சனிக்கிழமை அதை அணைத்துப் போடுங்கள்.