தேர்வு முடிந்தது, தூக்கம் வரவில்லை

கேள்வி: பிலிப்பைன்ஸில் மருத்துவம் படித்தேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் மருத்துவராகப் பதிவுசெய்யத் தேற வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வை ஜூன் மாதம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். டெலிகிராம் குழுவில் வரும் கேள்விகளை வைத்து மதிப்பெண் போட்டுப் பார்க்கிறேன். ஒருநாள் 161 வருகிறது, மறுநாள் 143. தூக்கமே இல்லை. 'பாஸா?' என்று சொந்தக்காரர்கள் போன் செய்கிறார்கள். படிப்புக் கடனை நினைத்தால் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.
– பெயர் வேண்டாம், தென்காசி

பதில்: நீங்கள் குறித்த விடைகள் அப்படியேதான் இருக்கின்றன. 161 மறுநாள் 143 ஆனதற்குக் காரணம், குழுவில் யாரோ போட்ட விடை. ஐந்து மணி நேரத்தில் 300 கேள்விகள். அதை யாரால் வரி பிசகாமல் நினைவில் வைக்க முடியும்? ஒருவர் 'முதலில் செய்ய வேண்டிய பரிசோதனை' என்று கேட்டதாகச் சொல்வார், இன்னொருவர் 'நோயை உறுதிசெய்யும் பரிசோதனை' என்பார். இரண்டுக்கும் விடை வேறு. தேர்வு வாரியம் வினாத்தாளை வெளியிடுவதில்லை என்பதால் ஒத்துப்பார்க்கவும் வழியில்லை. போதாக்குறைக்கு, கேள்விகளை வெளியே சொல்லமாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது என்பதையும் பயத்தில் மறந்துவிடுகிறோம். ஊகித்துக் குறித்ததிலும் சில சரியாக இருக்கும், உறுதி என்று நினைத்ததிலும் சில தவறியிருக்கும். தேர்ச்சிக்கு வேண்டிய 150 மதிப்பெண்ணை எட்டினீர்களா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவே முடியாது. இன்றே குழுவிலிருந்து வெளியேறுங்கள். மியூட் செய்தால் போதாது, இரவு இரண்டு மணிக்கு விரல் தானாகத் திறந்துவிடும்.

சரி, பகலில் என்ன செய்வது? சில நாட்கள் புத்தகத்தைத் தொடாதீர்கள். அப்புறம் சான்றிதழ்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். தேறியதும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, பிறகு இன்டர்ன்ஷிப் என்று அலைய வேண்டியிருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய தலைவலி இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும், பட்டச் சான்றிதழில் முன்பின்னாக மாறியிருக்கும். எதில் எப்படி இருக்கிறது என்று இப்போதே எழுதி வையுங்கள். முடிவு எதுவானாலும் இந்த வேலை வீண்போகாது.

போன் வந்தால் அம்மா எடுக்கட்டும். "ரிசல்ட் வந்ததும் நாங்களே சொல்கிறோம்" என்ற ஒரே பதில் போதும்.

மருத்துவம் படித்தவர் என்பதற்காகத் தூக்க மாத்திரையை நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். தூக்கமின்மை நீடித்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், முடிவு வரும்வரை பொறுக்க வேண்டாம், உடனே வீட்டில் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்தான்.

அப்பாவிடம் நீங்களே கடன் பேச்சை எடுங்கள். தவணை எப்போது தொடங்குகிறது, டிசம்பரில் மறுபடி எழுத வேண்டிவந்தால் அந்த ஆறு மாதத்தை எப்படி ஓட்டுவது என்று கணக்குப் போடுங்கள். அவரும் இதையே மனதுக்குள் போட்டுக்கொண்டு, உங்களிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருக்கலாம். முடிவு வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வந்த அன்றைக்கு இருவருக்குமே நிதானமாகப் பேச வராது.