வேகப் பந்தை பேட்ஸ்மேன் கடைசி வரை பார்க்கிறாரா?

"பந்திலிருந்து கண்ணை எடுக்காதே" என்று பயிற்சியாளர்கள் சொல்வது அப்படியே நடக்கிறதா என்பது கேள்வி. முழுக்க இல்லை.

2000-ல் ஆய்வாளர்கள் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியாடும் பேட்ஸ்மேன்களின் தலையில் கேமரா மாட்டி, எந்திரம் வீசிய பந்துகளை ஆடவிட்டுப் பார்த்தார்கள். பந்து கிளம்பும் கணத்தைக் கண் கவனிக்கிறது. அப்புறம் பந்தை முந்திக்கொண்டு, அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவிக் காத்திருக்கிறது. குத்தி எழுந்ததும் கொஞ்ச நேரம் பின்தொடர்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் சீக்கிரமே தாவியது.

மெக்லியாடின் 1987 சோதனை இன்னும் அருமை. ஆடுகளத்தின் மேல் விரித்த விரிப்புக்கு அடியில் அரைவட்ட மரக்கட்டைகளை வைத்து, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்க முடியாதபடி செய்தார். சர்வதேச பேட்ஸ்மேன்களுக்கும் அடியைத் திருத்திக்கொள்ளச் சுமார் 0.2 விநாடி ஆனது, சாதாரண ஆட்களைப் போலவே. மணிக்கு 140 கி.மீ. வேகப் பந்து வந்து சேரவே அரை விநாடிதான்! ஆக, திறமை கணிப்பிலும், அதற்கேற்ப உடலை இயக்குவதிலும்தான் இருக்கிறது.

அதனால்தான் எந்திரத்தை மட்டும் நம்பிப் பயிற்சி எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பந்துவீச்சாளரின் ஓட்டமும் மணிக்கட்டும் தரும் குறிப்புகள் அதில் கிடைக்காது.