தாத்தாவுக்குக் காசநோய், குழந்தைக்கு இருமல் இல்லை: விட்டுவிடலாமா?

தாத்தாவின் சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது, அதே வீட்டில் வளரும் மூன்று வயது மகளுக்கு இருமலே இல்லை, காசநோய்க் கிருமி உடலுக்குள் போயிருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ சோதனை ஊசி போட்ட இடம் லேசாகச் சிவந்ததோடு சரி, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

சிவப்பு கணக்கிலேயே வராது. ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள், விரலால் தடவினால் தட்டுப்படும் தடிப்பைத்தான் கையின் குறுக்குவாட்டில் ஸ்கேல் வைத்து அளப்பார்கள். தடிப்பே இல்லையென்றாலும் நிம்மதியாகிவிட முடியாது, கிருமி உள்ளே போனது இந்தச் சோதனையில் தெரியவே சில சமயம் எட்டு வாரம் ஆகும்.

அப்புறம் இருமலை மட்டும் நம்பாதீர்கள். சின்னக் குழந்தைகளிடம் எடை ஏறாமல் நிற்பது, ஓடி விளையாடிய பிள்ளை சுணங்கிக் கிடப்பது, இரண்டு வாரம் தாண்டியும் விடாத காய்ச்சல், கழுத்தில் வலிக்காத கட்டி, இப்படித்தான் வெளிப்படும். தடுப்பூசி அட்டையில் எடைக் கோடு இருக்குமே, அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டாயிற்றே என்பீர்கள். அது மூளைக்காய்ச்சல் மாதிரியான கடும் காசநோய் வகைகளின் ஆபத்தைக் குறைக்கும், தொற்றையே தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை என்பதால், இப்போது நோய் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டால், ஊசிச் சோதனை எப்படி வந்திருந்தாலும் தடுப்பு மருந்து கொடுக்கவே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து இருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.