எந்த வீட்டுக் கதவு?

கேள்வி: நகரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆயுதக் குழுவைப் பிடிக்க விசேட படையை இறக்கினால் ஒரு மணித்தியாலத்தில் காரியம் முடிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? – வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை.

பதில்: தட்ட வேண்டிய கதவு எது என்று சரியாகத் தெரிந்தால் முடியும். அதைக் காட்ட வேண்டியது அந்தத் தெருச் சனம்.

1993 ஒக்டோபர் 3, சோமாலியத் தலைநகர் மொகாடிஷு. அங்கே ஆயுதக் குழு நடத்திய தலைவர் அய்டீத்தின் ஆட்களைப் பிடிக்க அமெரிக்க விசேட படைகளான ரேஞ்சர்களும் டெல்டா படையினரும் பக்காரா சந்தைப் பக்கம் இறங்கினார்கள். போட்ட கணக்கு ஒரு மணித்தியாலம். பொழுதுபடமுன் திரும்பிவிடலாம் என்று பலர் இரவில் பார்க்கும் கருவியையும் தண்ணீரையும் முகாமிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். தேடிப் போனவர்களைப் பிடித்தும் விட்டார்கள். அதற்குள் இரண்டு பிளக் ஹோக் ஹெலிகொப்டர்கள் விழுந்தன. சந்திக்குச் சந்தி டயர் எரிந்தது, பாதை அடைபட்டது. பாகிஸ்தான், மலேசியக் கவச வாகனங்கள் போய் மீட்டு வர விடிந்துவிட்டது. 18 அமெரிக்கப் படையினர் செத்தார்கள். சோமாலியர் நூற்றுக்கணக்கில், பெண்களும் பிள்ளைகளும் அதற்குள் அடக்கம்.

படையினரிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆறு தடவை ஏறக்குறைய இதே பாணியில் இறங்கியிருந்தார்கள். எதிராளி பார்த்துப் பழகிவிட்டான். அதைவிடப் பெரிய காரணம் ஜூலை 12. அய்டீத்தின் குலப் பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த வீட்டை அன்று அமெரிக்க ஹெலிகொப்டர்கள் ஏவுகணையால் அடித்தன. அய்டீத் அங்கே இருக்கவில்லை. ஒதுங்கி நின்ற சனத்தையும் அவர் பக்கம் தள்ளியது அந்த அடிதான். ஒக்டோபர்ச் சண்டை ஜூலையிலேயே கைவிட்டுப் போய்விட்டது என்பேன்.

உங்களுக்குப் போர்க்காலச் சுற்றிவளைப்பைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. விடியமுன் படையினர் ஊர்ச் சனத்தை வெளியே கூப்பிட்டு, அடையாள அட்டையும் கையுமாக வெயிலில் வரிசை. முன்னால், ஆளைக் காட்டிக்கொடுக்க முகத்தை மூடி நிற்கும் தலையாட்டி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலை ஆடினால் ஆள் போனான். பயத்தில் ஆடியதா, பழைய காணிச் சண்டையில் ஆடியதா என்று யார் கேட்டது? பிழையாக ஆடிய தலையைப் பார்த்த தெரு அதன்பிறகு வாய் திறக்காது. எவ்வளவு பயிற்சி பெற்ற கொமாண்டோவும் அந்தத் தெருவில் குருடன்தான்.

வாய் திறக்கச் சனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று திருகோணமலைக்கும் தெரியும். 2006 ஜனவரி 2, நம் ஊர்க் காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பொலிஸாரின் விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேர் மீதான வழக்கு 2019இல் சாட்சியம் போதாதென்று முடிந்தது. சாட்சிகள் சிலர் அதற்குள் நாட்டைவிட்டே போயிருந்தார்கள்.