சர்க்கரையும் சிறுநீரகமும்: மெட்டுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் வந்த கேள்விகள்

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், தேவாரம் பக்கமிருந்தும், மெட்டு எனும் மலைப்பாதையில் ஏறினால் வரும் கேரளத்துக் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்குச் சிறுநீரக மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கம்பம், பெண், 58 வயது: டாக்டர், பத்து வருசமா சுகர். கிரியேட்டினின் 1.2 வந்திருக்கு. லேப் தாள்ல 1.3 வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கு. கிட்னி நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. உடம்பில் தசை குறைவாக இருந்தால் சிறுநீரகம் பழுதானாலும் அந்த எண் சீக்கிரம் ஏறாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடும், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இப்போது புழக்கத்தில் உள்ள 2021-ஆம் வருடச் சூத்திரப்படி, 58 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.2 என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர். சுமார் 70. அதே 1.2 உங்களுக்கு 52. மூன்று மாதத்துக்கு மேலும் 60-க்குக் கீழேயே நின்றால் அதன் பெயர் நாள்பட்ட சிறுநீரக நோய். ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் தாளில் இல்லவே இல்லை: சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். லேபில் ஏ.சி.ஆர். அல்லது மைக்ரோ அல்புமின் என்று கேளுங்கள். எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. 30-க்குள் இருந்தால் சரி, 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு, அதற்கு மேல் கடுமையான கசிவு. சாதாரண யூரின் பரிசோதனையில் ‘அல்புமின் நில்’ என்று வந்ததை நம்பி உட்காராதீர்கள். அந்தக் காகிதப் பட்டை சிறிய கசிவைப் பிடிக்காது. காய்ச்சல், நீர்த்தொற்று, மாதவிடாய், முந்தின நாள் கடும் உடல் உழைப்பு இவை இருந்தால் எண் பொய்யாக ஏறும், அதனால் மூன்று தடவை பார்த்து இரண்டில் அதிகமாக இருந்தால்தான் உறுதி செய்வோம். கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே அல்புமின் கசியத் தொடங்கிவிடும், மருந்து நன்றாகக் கேட்பதும் அந்தக் காலத்தில்தான். வருடம் தவறாமல் கிரியேட்டினின் மட்டும் பார்த்துக்கொண்டு, ஏ.சி.ஆர். ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

கூடலூர், ஆண், 49: மெட்பார்மின் கிட்னியைக் கெடுக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நிறுத்திரலாமா?

கெடுக்காது. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தால் மெட்பார்மின் வெளியேறாமல் உடம்பில் தேங்கும், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும். அதனால்தான் ஈ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால் அளவைப் பாதியாக்கி நாளுக்கு 1000 மி.கி.யோடு நிறுத்துவோம், 30-க்குக் கீழே அறவே நிறுத்துவோம். இந்தக் கணக்கை யாரோ கேட்டுவிட்டு, மாத்திரைதான் கெடுத்தது என்று திருப்பிச் சொல்லிவிட்டார்கள். பயப்பட வேண்டிய சர்க்கரை மாத்திரை வேறு: பழைய கிளிபென்கிளமைடு. சிறுநீரகம் தளர்ந்தவர் அதைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து, ஒரு நாள் முழுக்கக்கூட ஏறாமல் கிடக்கும்.

கம்பமெட்டு வழியாகத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சிலர்: ஏலக்காய் எடுக்கப் போறோம் டாக்டரம்மா. விடியக் கிளம்பினா சாயங்காலம்தான் இறங்குவோம். ஒதுங்க இடமில்லன்னு தண்ணியே குடிக்கிறதில்ல. அடிக்கடி நீர்க்கடுப்பு வருது. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டா ரெண்டு நாள்ல நின்னுரும், அப்புறம் மறுபடி வரும். சுகரும் இருக்கு.

மூன்று காரணம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் குடிக்காததால் சிறுநீர் கெட்டியாகிறது. அடக்குவதால் சிறுநீர்ப்பையிலேயே கிருமி பெருக நேரம் கிடைக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. நான்காவதாக அந்த மெடிக்கல் மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் நிறுத்தினால் பாதிக் கிருமி மிஞ்சும், மிஞ்சியது அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கும்.

மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பையைக் காலி செய்தாக வேண்டும். ஜீப் ஏறுமுன், டீ நேரத்தில், மதியச் சாப்பாட்டின்போது, இறங்குமுன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துப் போய், காலையிலிருந்து மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். இடம் இல்லை என்பது உங்கள் தப்பில்லை. 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே குடிநீரும், ஆண் பெண் தனித்தனிக் கழிப்பறையும் தோட்டக்காரர் பொறுப்பு என்று எழுதிவிட்டார்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் பக்கத்தில் ஒரு மறைப்பாவது கிடைக்கும்.

அடுத்த தடவை கடுப்பு வந்தால் மாத்திரைக்கு முன் சிறுநீர் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கொடுங்கள். முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் கொடுத்த மூடிப்போட்ட டப்பாவில் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து அன்றே கொடுக்கலாம். மேலே ஸ்டோரில் பிடித்து, வெயிலில் ஜீப்பில் கொண்டுவந்தால் வழியிலேயே கிருமி பெருகித் தப்பான ரிசல்ட் வரும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பது ரிசல்ட்டைப் பொறுத்தது. நைட்ரோஃபுரன்டாயின் என்றால் வழக்கமாக ஐந்து நாள், ஆனால் சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு அது ஆகாது. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போடுகிறவர் கடையில் சிப்ரோ, ஓஃப்லாக்சசின் வகையைத் தானாக வாங்கிப் போட்டால் சர்க்கரை திடீரென்று தாழலாம்.

இன்னொன்று: கடுப்பு, எரிச்சல், காய்ச்சல் எதுவுமில்லாமல் ரிசல்ட்டில் மட்டும் கிருமி என்று வந்தால், கர்ப்பிணியாக இல்லாதவரை மருந்து வேண்டாம். சர்க்கரை இருந்தாலும் அப்படித்தான்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகு வலி, வாந்தி மூன்றும் சேர்ந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகத்துக்குள்ளேயே வாயு கட்டும் கடுந்தொற்று ஒன்று உண்டு. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

நெடுங்கண்டம், ஆண், 54: இங்க வீட்டுக்கு வீடு இரும்பன்புளி மரம் நிக்குது. சாறு எடுத்துக் குடிச்சா கொழுப்பும் சுகரும் குறையும்ங்கறாங்க. குடிக்கலாமா?

வேண்டாம். மீன் குழம்பில் நாலு துண்டு போடுவது வேறு, வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் சாறு குடிப்பது வேறு. இரும்பன்புளியில் ஆக்சலேட் மிக அதிகம். செறிவான சாறாக உள்ளே போனால் அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் குழல்களுக்குள் படிகமாக அடைத்துவிடும். கேரளத்தில் இப்படிச் சாறு குடித்துச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி 2013-இல் அங்குள்ள மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. குடித்த பிறகு விக்கல், வாந்தி, சிறுநீர் குறைவு என்று வந்தால், சாறு குடித்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் அதை யோசிக்க மாட்டார்கள்.

இதே இனத்து நட்சத்திரப் பழம், சிறுநீரகம் கெட்டவருக்கு ஒன்று தின்றாலே விக்கலும் குழப்பமும் வலிப்பும் கொண்டுவரலாம். பாதரசம் சேர்ந்த பஸ்பம், செந்தூரமும், பெயர் தெரியாத சிவப்பழகுக் கிரீம்களும் சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வைக் கெடுத்துப் புரதத்தைக் கசியவிடும். 2023-இல் மலப்புரம் பக்கம் கிரீம் பூசியவர்களிடம் இதைக் கண்டுபிடித்தார்கள்.

குமுளி, ஆண், 61: கம்பத்துல கொடுக்கிற பிபி மாத்திரையும் போடுறேன், இங்க டாக்டர் எழுதினதும் போடுறேன். எழுந்து நின்னா தலை சுத்துது.

இரண்டு அட்டையையும் எடுத்து, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, அடியில் சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். இரண்டிலும் டெல்மிசார்டன் என்று இருந்தால் ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போடுகிறீர்கள். பெயருக்குப் பின்னால் ஏஎம் என்று வந்தால் வழக்கமாக அம்லோடிபின் சேர்ந்தது, எச் என்று வந்தால் நீர் மாத்திரை சேர்ந்தது. எல்லைப் பக்கம் இது சகஜம். இந்தப் பக்கத்துச் சீட்டு அந்தப் பக்கத்து டாக்டருக்குப் போய்ச் சேருவதே இல்லை. மருந்துப் பெயர்களை ஒரே தாளில் எழுதிப் பையில் வையுங்கள். எதை நிறுத்துவது என்று இன்றோ நாளையோ யாராவது ஒரு டாக்டரிடம் இரண்டு அட்டையோடும் போய்க் கேளுங்கள்.

டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை சிறுநீரகத்துக்கு நல்லதுதான், புரதக் கசிவைக் குறைக்கும். ஆனால் தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பரவாயில்லை, அதற்கு மேல் ஏறினால் காரணம் தேட வேண்டும். ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம்தான் இருக்கிறது, இந்த மாத்திரையோடு அது வேண்டாம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வாங்காதீர்கள். பிபி மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் ரத்த அழுத்தம் சரிந்து ஒரே வாரத்தில் அதன் வேலையே நின்றுபோகலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்து சாப்பிட முடியாத நாட்களில் மெட்பார்மின், டெல்மிசார்டன், நீர் மாத்திரை, சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றை நிறுத்திவைத்து, ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் தொடருங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

தேவாரம், மகன் கேட்கிறார்: அப்பா காலையில 30 யூனிட் இன்சுலின் போட்டவர். இப்ப 14 போட்டாலே 70-க்கு இறங்குது. சுகர் குணமாயிட்டு வருதுன்னு சந்தோஷமா இருக்கார்.

உடனே ஈ.ஜி.எஃப்.ஆர். பாருங்கள். இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளரும்போது போட்ட ஊசி நீண்ட நேரம் ரத்தத்தில் தங்கும், பசியும் குறையும், அதனால் தேவை இறங்கும். இந்த நிலையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியையும் முழுசாக நம்ப முடியாது. ரத்தசோகையில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைந்தால் 6.2 என்று அழகாக வரும், நிஜம் வேறாக இருக்கும். குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, சந்தேகம் இருந்தால் இரவு 3 மணிக்கும் பாருங்கள். 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. பொட்டாசியம் கூடியவருக்கு அந்த நேரத்தில் இளநீரோ ஜூஸோ கொடுக்காதீர்கள்.

உத்தமபாளையம், பெண், 45: டாபாகிளிஃப்ளோசின் ஆரம்பிச்சதுல இருந்து அரிப்பு. யூரின்ல சுகர் நாலு பிளஸ்.

அந்த மாத்திரையின் வேலையே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவது. அதனால் யூரின் சுகர் கணக்கில் வராது. அரிப்பு பூஞ்சையால். ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். குளோட்ரிமசோல் கிரீம் பெரும்பாலும் போதும். சிறுநீரகத்தைக் காக்க இன்று நம்மிடம் உள்ள நல்ல மருந்துகளில் இதுவும் ஒன்று, 2020-இல் காப்புரிமை முடிந்தபின் விலையும் இறங்கிவிட்டது. அரிப்புக்காக அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் இருந்தால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். அந்த இடம் வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

வண்டன்மேடு: மட்டை அரிசி, கப்பை சாப்பிடலாமா? நாலு லிட்டர் தண்ணி குடிச்சா கிட்னி சுத்தமாகுமா?

மட்டை அரிசியும் அரிசிதான், அளவில்தான் வித்தியாசம். கப்பை எனும் மரவள்ளிக்கிழங்கும் சோறும் ஒரே வேளையில் வேண்டாம். நாலு லிட்டரால் எதுவும் சுத்தமாகாது. வீக்கம் உள்ளவருக்கு மூச்சுத் திணறல்தான் வரும். உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். கருவாடும் ஊறுகாயும் அதற்குள் அடக்கம்.

கம்பம், ஆண், 66: சொட்டுச் சொட்டாப் போகுது, முழுசாப் போன மாதிரியே இல்ல. பிராஸ்டேட்டா, சுகரா?

இரண்டும் இருக்கலாம். சிறுநீர் போன உடனே ஸ்கேனில் பையில் மீதம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையால் நரம்பு மரத்துப் பை நிறைவது தெரியாமல் போனவர், கடிகாரம் பார்த்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும், போய் முடித்து இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை முயல வேண்டும். சளி மாத்திரையும், கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் இதைக் கூட்டும்.

கூடலூர், மகள் கேட்கிறார்: அம்மாவுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். 17. கையில ஃபிஸ்டுலா போடச் சொல்றாங்க. கையில வச்சா அப்புறம் டயாலிசிஸ்தான்னு ஊர்ல பயமுறுத்துறாங்க.

ஃபிஸ்டுலா போட்டதால் யாருக்கும் டயாலிசிஸ் வருவதில்லை. தமனியையும் சிரையையும் இணைத்தபின் அது தடித்து ஊசி தாங்க ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் ஆகும். அதற்குள் தேவை வந்துவிட்டால் கழுத்தில் குழாய்தான், குழாயில் தொற்று அதிகம். ஆகவே இப்போதே போடுவது சரி. எழுதாத கையில்தான் பெரும்பாலும் போடுவார்கள், அந்தக் கையில் இன்றிலிருந்தே டிரிப், ரத்தம் எடுப்பது எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் நீங்களே சொல்லுங்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியையும் தொடங்குங்கள், முழுமையாக ஆறு மாதம் ஆகும்.

டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். வீட்டுக்குப் பக்கமான மையத்தை முதலில் பார்த்துவையுங்கள். ரேஷன் கார்டு எந்த மாநிலமோ அந்த மாநிலக் காப்பீட்டுத் திட்டம்தான். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வேண்டும். நிலைமை முற்றும்வரை காத்திராமல் இப்போதே வாங்கிவிடுங்கள்.

அதே மகள்: போட்டபிறகு வீட்டுல என்ன பாக்கணும்?

காலையும் மாலையும் விரல் வைத்தால் அந்த இடத்தில் கிர்ரென்று அதிர்வு தெரிய வேண்டும். அந்தக் கையில் பிபி கட்டக் கூடாது, இறுக்கமான வளையல் கூடாது, அதன்மேல் தலைவைத்துப் படுக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. புண் ஆறியதும் ரப்பர் பந்தை அழுத்திப் பயிற்சி செய்யலாம். அதிர்வு நின்றுவிட்டால் அன்றைக்கே அறுவை செய்தவரிடம் போங்கள். சீக்கிரம் போனால் கட்டிய ரத்தத்தை எடுத்து அதே ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.